பசித்தவரைத் தேடி அலைந்தவன்

"உலகத்துல ஒரே ஒரு விஷயத்தை மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?" என்ற கேள்வியை நாம் எல்லோரும் எங்கேயாவது சந்தித்திருப்போம். கல்லூரி விழா மேடையில், வேலைக்கான நேர்காணலில், நண்பர்கள் கூடிய மொட்டைமாடியில். பதில்களும் அனேகமாகத் தெரிந்தவைதான். பசி, போர், சாதி, பணம். கூட்டத்தில் ஒரு குறும்புக்காரர் இருந்தால் திங்கட்கிழமை. பதில் சொன்னவருக்குக் கைதட்டல் கிடைக்கும், மைக் அடுத்தவரிடம் போகும். மாற்றிய பிறகு உலகம் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. மாற்றிய ஆள் என்ன ஆவார் என்று கேட்டவரை நான் பார்த்ததே இல்லை.

அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்ட நூல் ஒன்று தமிழில் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் ஒரு பெண்ணும் அவள் கையில் ஒரு பாத்திரமுமாகப் படம் போட்டிருப்பார்கள். கீழே ஐந்து மதிப்பெண் கேள்வி இருக்கும். மணிமேகலையை நம்மில் பலர் அத்தோடு விட்டுவிட்டோம். பிறகு இலக்கியம் படிக்க வந்தபோது சிலப்பதிகாரத்தைப் பிடித்துக்கொண்டோம். மணிமேகலையைப் பற்றி, "அது பௌத்தப் பிரச்சார நூல், கடைசியில் ஒரே தத்துவ வகுப்பு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருக்கும். 27ஆம் காதையிலும் 29ஆம் காதையிலும் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 14ஆம் காதையில் ஒரு கதை இருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தை மாற்ற விரும்பியவனின் கதை. அது மாறியும் விடுகிறது. அவன் நிர்க்கதியாகிறான். இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது.

*

அவனிடம் போவதற்கு முன்னால், இப்படிப்பட்ட கதைகள் வழக்கமாக எப்படி நடக்கும் என்று ஒரு பார்வை.

வரம் கிடைப்பதைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் எச்சரிக்கைக் கதைகள். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'குரங்கின் பாதம்' இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. ஒரு குடும்பம் 200 பவுன் வேண்டுமென்று கேட்கிறது. பணம் வருகிறது, தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறந்த மகனுக்கான இழப்பீடாக. கேட்டது கிடைக்கும், கேட்ட விதத்தில் கிடைக்காது என்பதுதான் இந்தக் கதைகளின் சூத்திரம்.

உர்சுலா லெ குவினின் 'தி லேத் ஆஃப் ஹெவன்' நாவல் (1971) இதே சூத்திரத்தை வெகுதூரம் எடுத்துச் சென்றது. ஜார்ஜ் ஆர் என்ற சாதாரண மனிதன் காணும் கனவுகள் நிஜமாகிவிடுகின்றன. அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹேபர் நல்லவர், உலகத்தைத் திருத்த நினைப்பவர். ஆரைத் தூங்கவைத்து, என்ன கனவு காண வேண்டும் என்று கட்டளை கொடுக்கிறார். மக்கள்தொகை நெருக்கடி தீரட்டும் என்கிறார். கொள்ளைநோயில் பல நூறு கோடிப் பேர் செத்துப்போன உலகத்தில் ஆர் கண் விழிக்கிறான். நிறப் பிரச்சினை ஒழியட்டும் என்கிறார். எல்லோர் தோலும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. ஆருக்கு நெருக்கமானவள் ஹெதர், கறுப்பினத் தந்தைக்கும் வெள்ளைக்காரத் தாய்க்கும் பிறந்தவள். சாம்பல் உலகத்தில் அவளைத் தேடுகிறான், அவள் இல்லை. அவளுடைய நிறமும் அந்த நிறத்தால் அவள் பட்டதும் சேர்ந்துதான் ஹெதர். நிறத்தை எடுத்தபோது ஆளும் போய்விட்டாள். அநீதியை மட்டும் தனியாகக் கத்தரித்து எடுக்க முடியாது, அதைச் சுற்றி மனிதர்கள் வளர்ந்திருக்கிறார்கள் என்று இவ்வளவு கூர்மையாகச் சொன்ன வேறு நாவல் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

நம் புதுமைப்பித்தன் இந்த விளையாட்டையே வேறு மாதிரி ஆடினார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைத் தெருவில் கடவுளே வந்து நிற்கிறார். வேறொருவர் எழுதியிருந்தால் அடுத்த காட்சி வரம்தான். பிள்ளை வரம் கேட்பதில்லை. காபி குடிக்க அழைத்துப் போகிறார், வீட்டில் தங்கவைக்கிறார், மனிதர்களோடு இருந்தால் மனிதர்கள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார், தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா பிடிக்கப் பார்க்கிறார். உலகத்தை மாற்றக்கூடிய ஒரே ஆள் எதிரில் இருக்கும்போது சந்தா கேட்கிற மனிதர்! சிரிப்போம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு முடிவு இருக்கிறது. படைத்தவனால் இந்த உலகத்தில் வாழ்ந்து காட்டவே முடியவில்லை, அவனிடம் போய் எதை மாற்றச் சொல்ல?

எச்சரிக்கை ஒரு பக்கம், எள்ளல் இன்னொரு பக்கம். இரண்டிலும் சொல்லப்படுவது ஒன்றுதான்: மாற்றாதே, அல்லது மாறும் என்று நம்பாதே. நவீன இலக்கியம் இந்தச் சந்தேகத்தில் மிகவும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மாற்றம் உண்மையிலேயே நல்லபடி நடந்துவிட்டால்? குரங்கின் பாதத்தின் சூழ்ச்சி இல்லை, கொள்ளைநோய் இல்லை. கேட்டது கேட்டபடியே நடக்கிறது. பசி ஒழிகிறது. அப்போது என்ன?

*

ஆபுத்திரனின் கதையை மணிமேகலைக்குச் சொல்பவர் அறவண அடிகள். அவள் கையில் அப்போதுதான் அமுதசுரபி வந்திருக்கிறது. அதற்கு முன் அதை வைத்திருந்தவன் யார் என்ற வரலாறுதான் இது. ஆக, ஒரு கருவியைக் கையில் எடுப்பவளுக்கு அந்தக் கருவி முந்தைய ஆளை என்ன செய்தது என்று சொல்லப்படுகிறது. இந்த வரிசையைக் கவனித்தால் கதையின் கனம் கூடிவிடும்.

ஆபுத்திரன் தாயால் கைவிடப்பட்ட குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றுகிறது. அந்தணர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். வளர்ந்தவன், வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடிபடுகிறான், வாதம் செய்கிறான், ஊரைவிட்டு விரட்டப்படுகிறான். போகிற ஊர்களில் அவன் பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லைப் போடுகிறார்கள். கடைசியில் மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் முன்னால் இருக்கும் அம்பலத்தில் தங்குகிறான்.

அங்கே அவன் செய்வதுதான் முக்கியம். பகலெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுக்கிறான். கொண்டுவந்ததை வைத்துக்கொண்டு பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், கால் முடங்கியவர்கள், பேண ஆள் இல்லாதவர்கள், நோயில் கிடப்பவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பிட வைக்கிறான். மிச்சம் இருப்பதைத் தான் தின்றுவிட்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். அற்புதம் எதுவும் இன்னும் வரவில்லை. ஒரு பிச்சைக்காரன் பிற பிச்சைக்காரர்களுக்குப் பந்தி வைக்கிறான், கடைசி இலை அவனுடையது.

ஒரு மழை நாள் நள்ளிரவில் பசியோடு சிலர் வருகிறார்கள். கொடுக்க ஒன்றும் இல்லை. அவன் தவிக்கிறான். சிந்தாதேவி தோன்றி எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தைக் கொடுக்கிறாள். அதன் பிறகு அவனைச் சுற்றி மனிதர்கள் மட்டுமல்ல, விலங்குகளும் பறவைகளும் வந்து கூடுகின்றன. பழுத்த மரத்தில் பறவைகள் அடைந்த மாதிரி ஓயாத இரைச்சல்.

அந்த அறத்தின் சூடு இந்திரனின் ஆசனத்தைத் தொடுகிறது. கிழவன் வேடத்தில் வந்து, நான் இந்திரன், உன் தானத்துக்குப் பலனாக என்ன வேண்டும் கேள் என்கிறான். அதே கேள்விதான். வரம் கொடுக்க வல்லவன் நேரில் வந்து கேட்கிறான். ஆபுத்திரன் விலா எலும்பு ஒடியும்படி சிரிக்கிறான். உங்கள் தேவலோகத்தில் என்ன இருக்கிறது? கொடுப்பவர் இல்லை, காப்பாற்றப்பட வேண்டியவர் இல்லை. பசியோடு வந்தவரின் முகம் சாப்பிட்டபின் மலர்வதைப் பார்க்கிறேனே, அதற்கு மேல் நீ எதைக் கொடுப்பாய்? ஏறக்குறைய இதுதான் அவன் பதில்.

அவமானப்பட்ட இந்திரன் பழிவாங்குகிறான். எப்படித் தெரியுமா? மழை பெய்ய வைக்கிறான்.

12 ஆண்டுகள் மழையில்லாமல் உயிர்கள் மடிந்த பாண்டிய நாட்டில் வளம் கொழிக்கிறது. யாருக்கும் பசி இல்லை. ஆபுத்திரனின் அம்பலம் காலியாகிறது. பசித்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் ஊர்சுற்றிகளும் சூதாடிகளும் வம்பளப்பவர்களும் வந்து உட்கார்கிறார்கள். அவன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சாப்பிட யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறான். யார்டா இவன் என்று சிரிக்கிறார்கள்.

உலக இலக்கியத்தில் இதற்கு இணையான பழிவாங்கல் இருந்தால் யாராவது சொல்லுங்கள். எதிரியை வீழ்த்த அவன் கனவை நிறைவேற்றி வைப்பது!

*

இந்த இடத்தில் நிறைய உரையாளர்கள் இந்திரனைப் பொறாமைக்காரன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் பாண்டிய நாட்டின் ஒரு விவசாயியாக நின்று பார்த்தால்? 12 வருஷப் பஞ்சம் முடிந்துவிட்டது. என்ன நோக்கத்தில் பெய்தது என்று மழையிடம் கேட்பவர் உண்டா? ஆபுத்திரன் ஆயிரம் பேருக்குச் சோறு போட்டான், இந்திரன் ஒரே மழையில் நாட்டுக்கே போட்டான். கெட்ட எண்ணத்தோடு செய்யப்பட்ட காரியம் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட காரியத்தைவிட அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. சாத்தனார் இதை மறைக்கவில்லை. பசியை ஒழிக்க வேண்டும் என்பது உன் ஆசையா, பசியை ஒழிப்பவனாக இருக்க வேண்டும் என்பதா என்று அவர் ஆபுத்திரனைச் சுற்றி ஒரு கேள்வியைக் கட்டிவிடுகிறார்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சாம்பார் சாதப் பொட்டலங்கள் ஏற்றிய ஒரு வேனில் முடிச்சூர்ப் பக்கம் போயிருந்தேன். இரண்டு நாள் கழித்து என்று நினைக்கிறேன். நாங்கள் போன தெருக்களில் ஏற்கெனவே மூன்று குழுக்கள் வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தன. "வேணாம்பா, இருக்கு, உள்ள போய்ப் பாருங்க" என்றார்கள். உள்ளே போனோம், அங்கும் வேண்டாம் என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றியபின் எங்களில் ஒரு பையன், "என்னண்ணா, ஒருத்தர்கூடப் பசியா இல்லையா?" என்றான். சொன்ன பிறகு அவனே ஒரு நிமிடம் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன். இரண்டு நாளாகத் தூங்காமல் வெங்காயம் உரித்தவன். அவன் குரலில் இருந்த ஏமாற்றத்துக்குக் கெட்ட பெயர் வைக்க எனக்கு மனமில்லை. அதற்கு ஆபுத்திரன் என்று பெயர் வைக்கலாம் என்று பிறகு தோன்றியது.

எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். நவீனத் தமிழ்ச் சிறுகதை வறுமையையும் பசியையும் வைத்துத்தான் தன் சிறந்த பக்கங்களில் பலவற்றை எழுதியிருக்கிறது. ஒருவனுக்கு உணவில்லை என்றால் உலகத்தையே அழித்துவிடலாம் என்று கோபப்பட்ட பாரதியிலிருந்து அந்த மரபு வருகிறது. உலகத்தின் துயரம் நாளைக்குத் தீர்ந்துவிட்டால் நாம் எழுத என்ன இருக்கும் என்று எந்த எழுத்தாளராவது அரைத் தூக்கத்திலாவது நினைத்திருக்க மாட்டாரா? காலியான அம்பலத்தைக் கண்டு கலங்கும் ஆபுத்திரன் நமக்கும் சொந்தக்காரன்தான்.

*

ஆனால் சாத்தனாரை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படித்தால் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன.

முதலாவது அந்தச் சூதாடிகள். வயிறு நிரம்பினால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்கிறதா காவியம்? "சோறு போட்டா சோம்பேறி ஆயிடுவான்" என்ற குரலை நாம் இன்றுவரை கேட்கிறோம். 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2022இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இலவசம் மனிதனைக் கெடுக்கும் என்ற முணுமுணுப்பும் கூடவே நடந்து வந்திருக்கிறது. சாத்தனாரும் அந்தக் கட்சியா?

இதற்குப் பதில் இரண்டு காதை தள்ளி, 16ஆம் காதையில் இருக்கிறது. அமுதசுரபியில் முதல் பிச்சை ஒரு பத்தினிப் பெண் கையிலிருந்து விழ வேண்டும் என்பது மணிமேகலையின் எண்ணம். காயசண்டிகை அவளை ஆதிரையின் வீட்டுக்கு வழிகாட்டுகிறாள். பத்தினி என்ற அளவுகோல் இன்றைய வாசகரைச் சங்கடப்படுத்தும், என்னையும் சங்கடப்படுத்துகிறது. ஆனால் ஆதிரையின் கணவன் சாதுவன் யார் என்று பாருங்கள். கணிகை ஒருத்தியிடமும் சூதாட்டத்திலும் சொத்தையெல்லாம் தொலைத்தவன். மதுரை அம்பலத்தில் உட்கார்ந்தவர்கள் ஆடிய வட்டும் சூதும்தான் அவனும் ஆடியவை. அதே சொற்களைத்தான் சாத்தனார் இங்கும் போடுகிறார். அந்தச் சாதுவன் கப்பல் கவிழ்ந்து, நாகர் மலையில் கரையேறி, வேறு மனிதனாகத் திரும்பி வருகிறான். அவன் வீட்டிலிருந்துதான் பாத்திரத்துக்கு முதல் சோறு வருகிறது. சூதாடியைக் காவியம் கைகழுவவில்லை.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. கணிகையால் குடும்பம் சிதைந்த மனைவி ஆதிரை. பிச்சை கேட்டு வாசலில் நிற்பவள் மாதவியின் மகள், கணிகைக் குலத்தில் பிறந்தவள். இவள் இட, அவள் ஏற்கிறாள். இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை மனத்தாங்கல் இல்லை. தெய்வம் கொடுத்த பாத்திரம்தான், ஆனாலும் அது தானாகச் சுரக்கத் தொடங்குவதில்லை. பகையாக இருந்திருக்க வேண்டிய ஒரு கை முதலில் அதில் கொஞ்சம் போட வேண்டியிருக்கிறது. உலகத்தை மாற்றும் சாதனம் பிச்சைப் பாத்திர வடிவில் இருப்பதன் பொருள் எனக்கு இந்தக் காட்சியில்தான் விளங்கியது.

இரண்டாவது உறுத்தல் இன்னும் பெரியது. மழை வந்ததும் யாருக்கும் பசி இல்லை என்கிறது காவியம். ஆனால் ஆபுத்திரன் பாத்திரம் கிடைப்பதற்கு முன்பே சோறு போட்டானே, பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், கால் முடங்கியவர்கள், ஆதரவில்லாதவர்கள், அவர்கள் எங்கே போனார்கள்? அவர்களுடைய பசி மழை இல்லாததால் வந்த பசி மட்டும்தானா? நாடு விளைந்தால் நெல் களத்துக்கு வரும். களத்திலிருந்து கால் முடங்கியவரின் இலைக்கு யார் கொண்டுவருவது? அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து, உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் வழி ஒருவருக்கு இருப்பது வேறு என்று காட்டினார். தானிய இருப்பு அப்படியொன்றும் சரிந்துவிடவில்லை, விலை ஏறியபோது கூலிக்காரர்களால் வாங்க முடியாமல் போனது என்பது அவர் வாதம். இந்திரனின் மழை தானியத்தைக் கொடுக்கும், வழியைக் கொடுக்காது.

சாத்தனாரைக் கூலவாணிகன், அதாவது தானிய வியாபாரி என்று மரபு சொல்கிறது. விளைச்சலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று ஒரு தானிய வியாபாரிக்குத் தெரியாமல் இருக்குமா? அதனால்தானோ என்னவோ, அந்த மனிதர்களை அவர் முழுசாக மறந்துவிடவில்லை. 28ஆம் காதையில், பஞ்சத்தில் தவிக்கும் காஞ்சிக்கு மணிமேகலை போகிறாள். அவளிடம் யார் வருகிறார்கள் என்று பட்டியல் போடும்போது பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், கால் முடங்கியவர்கள் என்று கிட்டத்தட்ட அதே வரிசை திரும்ப வருகிறது. மதுரையில் கதையிலிருந்து மறைந்தவர்கள் காஞ்சியில் வந்து இலை முன்னால் உட்கார்கிறார்கள். இந்திரன் தீர்த்துவிட்டதாகச் சொன்ன கணக்கு தீரவே இல்லை.

*

ஆபுத்திரனின் முடிவு சுருக்கமானது. சாவக நாட்டில் மழையில்லை, மக்கள் சாகிறார்கள் என்று கப்பலில் வந்தவர்கள் சொல்ல, அவன் கப்பல் ஏறுகிறான். காற்றின் சீற்றத்தில் கப்பல் மணிபல்லவத் தீவில் ஒரு நாள் தங்குகிறது. அவன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்து இரவில் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, குறையாத பாத்திரம், ஒற்றை மனிதன். ஊரையே காக்கும் பாத்திரத்தை என் ஒருவன் உயிரைக் காக்க வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கோமுகிப் பொய்கையில் விடுகிறான். ஆண்டுக்கு ஒருமுறை மேலே வா, அருளுள்ளவர் யாராவது வந்தால் அவர் கையில் சேர் என்று சொல்கிறான். பிறகு உண்ணாமல் உயிரை விடுகிறான்.

இதைத் தியாகம் என்பார்கள். கொஞ்சம் அகங்காரமும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் மதுரையில் அவன் எப்படிச் சாப்பிட்டான் என்பதை மறக்கக் கூடாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதை. பந்தியே இல்லாத இடத்தில் கடைசி இலை எங்கிருந்து வரும்? தனியாக உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்து வாயில் வைக்க அவன் கைக்குப் பழக்கம் இல்லை.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் மணிமேகலை புகார் நகரத் தெருவில் இறங்குகிறாள். அவள் ஆபுத்திரன் செய்ததையே திரும்பச் செய்தால் காவியம் அங்கேயே நின்றிருக்கும். அவளும் உலகவறவி அம்பலத்தில் சோறு போடுகிறாள், காயசண்டிகையின் 12 ஆண்டு யானைப்பசியைத் தீர்க்கிறாள். ஆனால் அம்பலத்தோடு நிற்கவில்லை. சிறைக்கோட்டத்துக்குள் போகிறாள். அம்பலத்துக்கு வர முடியாத பசி அங்கே இருக்கிறது. காவலர்கள் அரசனிடம் சொல்ல, அரசன் கூப்பிட்டு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்கிறான். இந்திரன் ஆபுத்திரனிடம் கேட்ட கேள்வியின் மண்ணுலகப் பதிப்பு! ஆபுத்திரன் சிரித்தான். மணிமேகலை சிரிக்கவில்லை, கேட்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்று என்கிறாள். அரசன் மாற்றுகிறான்.

பாத்திரத்துக்கும் மழைக்கும் நடுவே அவள் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள்: ஒரு கட்டடம். பாத்திரம் ஒருவர் கையில் இருக்கும்வரை மட்டும் ஓடும். மழை யார் முகத்தையும் பார்க்காமல் பெய்யும். அறக்கோட்டம் அவள் ஊரைவிட்டுப் போன பிறகும் நிற்கும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தை இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே சமைக்கும் அம்மாவுக்கு அமுதசுரபி கிடையாது. பருப்பு எத்தனை கிலோ, முட்டை எத்தனை என்று பதிவேட்டில் எழுதுகிறார். ஆனால் அவர் ஓய்வு பெற்ற மறுநாளும் உலை கொதிக்கும்.

இதோடு காவியம் முடிந்திருந்தால் நல்ல அரசாங்க விளம்பரமாக இருந்திருக்கும். சாத்தனார் விடவில்லை. சோறு போட மணிமேகலை எடுத்திருந்தது காயசண்டிகையின் உருவம். தன் மனைவி இளவரசன் உதயகுமரனோடு பழகுகிறாள் என்று நினைத்த காஞ்சனன் அடுத்த காதையிலேயே அவனை வெட்டிவிடுகிறான். 22ஆம் காதையில் மணிமேகலையைச் சிறைவைக்கிறார்கள். 19ஆம் காதையில் சிறையை ஒழித்த நகரத்துக்கு, அதை ஒழித்தவளை அடைக்க மூன்றே காதைகளில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. எதை மாற்றினாலும் அது மாறியபடியே இருக்கும் என்ற உத்தரவாதத்தை இந்த நூல் யாருக்கும் தரவில்லை. லெ குவின் இதைப் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார். ஆனால் லெ குவினின் ஆர், மாற்றாமல் இருப்பதே நல்லது என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். மணிமேகலை சிறையிலிருந்து வெளியே வந்து, அடுத்த பஞ்சம் எங்கே என்று கேட்டுக்கொண்டு காஞ்சிக்குப் போகிறாள். எனக்கு இவள்தான் வேண்டும்.

மணிமேகலையை உ.வே.சாமிநாதையர் 1898இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். எந்தப் பழைய புத்தகக் கடையிலும் ஏதாவதொரு உரைப் பதிப்பு கிடைக்கும். 30 காதையையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. பாத்திர மரபு கூறிய காதையில் தொடங்குங்கள், பிறகு ஆதிரை, பிறகு சிறைக்கோட்டம். ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். அடுத்த முறை மைக்கை நீட்டி எதை மாற்றுவீர்கள் என்று யாராவது கேட்டால், பசி என்றே சொல்லுங்கள், அதைவிடச் சரியான பதில் இன்னும் வரவில்லை. சொல்லிவிட்டு, எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் போய்விட்ட அந்த அம்பலத்தில் காலிப் பாத்திரத்தோடு உட்கார உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.